எல்லோரும் ஒரே கட்சி!

சீட்டுக் கட்டை எடுத்தாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. சீட்டாட்டத்தில் வீடு வாசலைத் தொலைத்தவர் கதை எந்தத் தெருவிலும் ஒன்றாவது கிடைக்கும். சரி, பணம் வைக்காமல் ஆடினால் தொல்லை தீர்ந்ததா? விடுமுறை நாளில் குழந்தைகளை உட்கார வைத்துக் 'கழுதை' ஆடச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒருவன் கழுதை ஆகியிருப்பான். மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கழுதையானவன் சீட்டை வீசி எறிந்துவிட்டு அடுக்களைக்கு வந்து அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தாயக் கட்டத்தில் காயை வெட்டினாலும் இதே கதைதான். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்தாலும் இதே கதைதான்.

"ஆட்டம் என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், இன்னொருவர் தோற்க வேண்டும், அதுதானே உலக வழக்கம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அப்படித்தான் வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சியாக இருந்து, ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்து, தோற்றால் எல்லோரும் தோற்கிற ஆட்டங்கள் இன்று எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் நல்ல பெயர் வாங்கிய ஒரு சீட்டாட்டத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் மெச்ச வேண்டியதும் உண்டு. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் உண்டு.

கதையிலிருந்து பிறந்த ஆட்டம்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையில் டோல்கீன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பழைய மொழிகளில் பெரிய பண்டிதர். அவர் 1937-ல் 'தி ஹாபிட்' என்று குழந்தைகளுக்காக ஒரு கதை வெளியிட்டார். பிறகு 1954-லும் 1955-லுமாக மூன்று பாகங்களில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற பெருங்கதை வெளிவந்தது. குள்ளர்களும், நெடுங்காலம் வாழும் எல்ஃப் என்னும் இனத்தாரும், மந்திரவாதிகளும், மனிதர்களும் ஒன்றுகூடி, உலகத்தையே அடிமையாக்க நினைக்கும் ஒரு தீய சக்தியை எதிர்ப்பதுதான் கதை. தனி ஒருவனால் ஆகாத காரியம், பலர் கூடினால் ஆகும் என்பது அதன் உயிர்நாடி.

இந்தக் கதைக்கு ஏற்றபடி, ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சேரும் பலகை ஆட்டம் ஒன்றை 2000-ல் ரைனர் க்னிட்ஸியா என்ற ஜெர்மானியர் அமைத்தார். 2011-ல் அமெரிக்காவில் மின்னஸோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஃபாண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் என்ற கம்பெனி, நேட் ஃப்ரெஞ்ச் என்பவர் அமைத்த சீட்டாட்டத்தை வெளியிட்டது. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: தி கார்டு கேம்' என்பது அதன் பெயர்.

இதில் ராஜா, ராணி, ஜாக்கி கிடையாது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரரோ, ஆயுதமோ, அரக்கனோ, காட்டுப் பாதையோ சித்திரமாக இருக்கும். நம்முடைய சீட்டுகள் நம் கையில். எதிரியின் சீட்டுகள் நடுவில் ஒரு தனிக் கட்டு. அந்தக் கட்டைக் கையில் பிடித்து ஆட யாரும் இல்லை. அதுவாகவே ஒவ்வொன்றாகப் புரண்டு நம்மைத் தாக்கும். விதியோடு ஆடுகிற ஆட்டம் என்றே சொல்லலாம்!

குடித்தனக் கணக்கு

குடும்பம் நடத்தத் தெரிந்த எந்தப் பெண்மணிக்கும் இந்த ஆட்டத்தின் உள்ளர்த்தம் சட்டென்று பிடிபட்டுவிடும். ஏன் என்று கேளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் மூன்று தலைமை வீரர்கள். ஒவ்வொரு சுற்றும் பிறந்தவுடன் வீரர் ஒருவருக்கு ஒரு காசு வீதம் வருமானம் வருகிறது. முதல் தேதி சம்பளம் மாதிரி! அந்தக் காசைக் கொடுத்துத்தான் கையிலுள்ள துணைவர்களையும் ஆயுதங்களையும் மேஜையில் இறக்க வேண்டும். ஆனால் எந்தக் காசை வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் கொடுக்க முடியாது. தலைமை, போர்த் தந்திரம், ஆன்ம பலம், ஞானம் என்று நான்கு வகை. ஊதா, சிவப்பு, நீலம், பச்சை என்று நான்கு நிறம். நீலச் சீட்டுக்கு நீல வீரரின் காசுதான் செல்லும். பால் கணக்குக்கு ஒரு டப்பா, வாடகைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைக்கிறோமே, அதே நியாயம்தான். பெரிய செலவுக்குச் சேமிக்கவும் வேண்டும். கதையில் வரும் கிழ மந்திரவாதி காண்டால்ஃபை அழைக்க ஐந்து காசு. அவர் எந்த நிறக் காசுக்கும் வருவார். வந்து பேருதவி செய்துவிட்டு, அந்தச் சுற்று முடிந்ததும் போய்விடுவார். ஐந்து காசு போனால் போனதுதான்.

வருமானத்தை விடப் பெரிய தலைவலி ஆட்களைப் பங்கிடுவது. வழி நடந்து முன்னேற வேண்டுமானால் வீரர்களை அனுப்ப வேண்டும். அப்படிப் போனவரின் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட வேண்டும். அவர் களைத்துவிட்டார், அந்தச் சுற்றில் சண்டை போட முடியாது. எல்லோரையும் வழிக்கு அனுப்பினால் எதிரி வந்து நிற்கும்போது வாசலில் ஆள் இல்லை. எல்லோரையும் காவலுக்கு வைத்தால் வழி நகராது. இதற்கு மேல், யாரை அனுப்புவது என்று தீர்மானித்த பிறகுதான், ஆள் ஒன்றுக்கு ஒரு சீட்டு வீதம் எதிரிக் கட்டிலிருந்து புரளும். அனுப்பியவர்களின் மன உறுதி மொத்தம் அதிகமா, காத்திருக்கும் ஆபத்தின் மொத்தம் அதிகமா என்று பார்க்க வேண்டும். நமது அதிகமானால் முன்னேற்றம். குறைந்தால், எவ்வளவு குறைவோ அவ்வளவு 'அபாய எண்' எல்லோருக்கும் ஏறும்.

அந்த அபாய எண்தான் ஆட்டத்தின் பிராணன். சும்மா இருந்தாலும் சுற்றுக்கு ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும். 50-ஐத் தொட்டால் நீங்கள் ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அரகார்ன், எயோவின், டெனதோர் என்ற மூவரை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அவர்கள் சீட்டில் போட்டிருக்கும் அபாயம் முறையே 12, 9, 8. ஆக, உங்கள் ஆரம்பக் கணக்கு 29. ஆற்றுவழிப் பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு மலைப் பூதம் எதிரே வந்து நிற்கிறது. உங்கள் அபாயம் 30 ஆகும் வரையில் அது தானாக உங்கள் மேல் பாயாது. அப்பாடா என்று மூச்சு விடுகிறீர்கள். முதல் சுற்று முடிந்ததும் எண் ஒன்று ஏறுகிறது. 30! அடுத்த சுற்றில் பூதம் உங்கள் வாசலில்.

பூதத்தின் தாக்கும் பலம் 6. யாரை எதிரே நிறுத்துவீர்கள்? டெனதோருக்குத் தடுக்கும் பலம் 3, அரகார்னுக்கு 2 தான். ஆகவே டெனதோரே மேல் என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். ஆறில் மூன்று போனால் மூன்று அடி. டெனதோரின் உயிர்ப் புள்ளியும் மூன்றே. ஆள் மாண்டு போவார். அரகார்னுக்கு விழுவது நாலு அடி. ஆனால் அவருக்கு உயிர்ப் புள்ளி ஐந்து. ஒரு புள்ளியில் உயிர் தப்புவார். அதுவும் நிச்சயம் இல்லை. தாக்க வரும் ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு 'நிழல் சீட்டு' கவிழ்த்து வைக்கப்படும். அதைத் திருப்பும்போது அடி இன்னும் கூடினாலும் கூடும்.

மெச்ச வேண்டியவை

முதல் நன்மை, தோல்வி யாருடைய தலையிலும் தனியாக விழுவதில்லை. அண்ணன் தங்கையைக் கேலி செய்ய இடமில்லை. இருவரும் சேர்ந்தே தோற்றிருப்பார்கள். "நாம் எங்கே பிசகினோம்?" என்று இருவரும் தலையோடு தலை வைத்து யோசிப்பதைப் பார்க்கலாம். 'நீ' என்பது 'நாம்' ஆவது சின்ன விஷயமா?

இரண்டாவது, ஒருவருக்கொருவர் உதவுவது வாய்ப்பேச்சாக இல்லாமல் விதியிலேயே அமைந்திருக்கிறது. சில வீரர்கள் அடுத்தவர் மேல் பாயும் எதிரியையும் குறுக்கே நின்று தடுக்கலாம். அரகார்ன் அந்த ரகம். வில்லாளி லெகோலாஸ் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்து எதிரி மேல் அம்பு விடலாம். பெராவோர் என்ற பெண், தான் களைத்து, வேறொருவருக்கு இரண்டு சீட்டு எடுத்துக் கொடுப்பாள்.

எயோவினைப் பற்றிப் பெண்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கதையில் அவள் ஓர் அரச குமாரி. "நீ வீட்டைக் காத்துக்கொண்டு இரு" என்று நிறுத்தப்பட்டவள், ஆண் வேஷம் தரித்துப் போர்க்களம் சென்று, எந்த ஆண்மகனாலும் வீழ்த்த முடியாது என்று சொல்லப்பட்ட எதிரியை வீழ்த்துகிறாள். ஆட்டத்திலும் அவளுடைய தாக்கும் பலம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் மன உறுதி நாலு! முதல் பெட்டியில் வந்த பன்னிரண்டு தலைமை வீரர்களில் இவ்வளவு மன உறுதி வேறு யாருக்கும் இல்லை. இன்னொரு விசேஷமும் உண்டு. ஆடுகிற ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு முறை தம் கையிலிருந்து ஒரு சீட்டைத் தியாகம் செய்து அவளுடைய உறுதியை ஒன்று கூட்டலாம். அவள் யாருடைய வீராங்கனையாக இருந்தாலும் சரி. ஒருத்தி முன்னே நடக்க, மற்றவர்கள் தங்கள் கைப்பொருளைக் கொடுத்துத் தாங்குகிறார்கள். இதை அமைத்தவரின் நல்ல மனசு தெரிகிறது.

மூன்றாவது, தனியாகவும் ஆடலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியான வேளையில் துணை இல்லாதவர்களுக்கு இது பெரிய அநுகூலம். எதிரிக் கட்டு தானே ஆடிக்கொள்வதால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

நான்காவது, பொட்டலத்தில் சூது இல்லை. 1993-ல் வந்த 'மாஜிக்: தி கேதரிங்' முதலான சேகரிப்புச் சீட்டுகளில், உறைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்த பிறகே தெரியும். அபூர்வச் சீட்டுக்காக உறை மேல் உறையாக வாங்கித் தீர்ப்பவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. எந்தப் பெட்டியில் எந்தச் சீட்டு என்பது முன்கூட்டியே நிச்சயம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை

குறைகளில் பெரியது சீட்டில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது.

எல்லோரும் ஒரே கட்சி என்றால், கட்சிக்கு ஒரு தலைவர் தானாக முளைத்துவிடுகிறார்! கணக்கில் கெட்டிக்காரரோ, வீட்டில் உரத்த குரல் உள்ளவரோ, "நீ அவனை அனுப்பு, நீ இதைப் போடாதே, காசைச் சேர்த்து வை" என்று உத்தரவு போட ஆரம்பிப்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அதுதான் சங்கடம். சரியாக இருப்பதனால் மறுக்கவும் முடிவதில்லை. சற்று நேரத்தில் மூன்று பேர் ஆடுகிற ஆட்டம் ஒருவர் ஆடுகிற ஆட்டமாகிவிடும். மற்ற இருவரும் அவருக்குச் சீட்டு எடுத்து வைக்கும் கைகள். போட்டி ஆட்டத்தில் தோற்ற பெண்ணாவது, தான் ஆடித் தோற்றாள். இங்கே ஜெயித்தும் அவள் ஆடவில்லை!

இந்த வியாதியை ஆட்டம் அமைத்தவரும் உணர்ந்துதான் இருக்கிறார். கூடிப் பேசலாம், யோசனை சொல்லலாம். ஆனால் கையிலுள்ள சீட்டின் பெயரையோ, அதில் எழுதியிருப்பதையோ வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று விதி. "ஓர் எதிரியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். எப்படி என்று சொல்லக் கூடாது. ஆகவே, "என் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது; பேசாமல் இருங்கள்!" என்று மனைவி கணவரிடம் சொல்வதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. வீட்டில் வேறெந்தச் சட்டம் இவ்வளவு தூரம் கொடுக்கிறது?

ஆனாலும் விதி பாதிதான் காப்பாற்றும். மேஜையில் இறங்கிய சீட்டுகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. அவற்றை வைத்தே அதிகாரம் செய்யலாம். மீதிப் பாதியை வீட்டு வழக்கம்தான் காக்க வேண்டும். முதலில் ஆடும் முறை சுற்றுக்குச் சுற்று கைமாறுகிறது. அந்தச் சுற்றில் யாருக்கு முதல் முறையோ, அவர் முதலில் தம் எண்ணத்தைச் சொல்லட்டும். கேட்டால் ஒழிய மற்றவர் வாய் திறக்க வேண்டாம் என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பெண் தப்பாக ஆடி, அதனால் எல்லோரும் தோற்றால் தோற்கட்டுமே! அவள் யோசிக்கக் கற்றுக்கொள்வாளே!

இரண்டாவது குறை, கடினம் படிப்படியாக ஏறவில்லை. முதல் பெட்டியில் மூன்று பயணங்கள். அவற்றின் கடின அளவு 1, 4, 7 என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். முதல் பயணமான இருண்ட காட்டில் சுகமாக ஜெயித்தவர்களை, இரண்டாவதில் மலைப் பூதம் முகத்தில் அறையும். மூன்றாவதான டோல் குல்டூர்க் கோட்டையில் உங்கள் வீரர் ஒருவரைக் குருட்டாம்போக்கில் சிறையில் அடைத்துவிட்டுத்தான் ஆட்டமே தொடங்கும். தனியாக ஆடுகிறவருக்கு மிஞ்சுவது இருவரே. எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் ஜெயிப்பது அபூர்வம். சீட்டு புரளும் வரிசை விபரீதமாக அமைந்தால் இரண்டாவது சுற்றிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

மூன்றாவது, ஒருவர் 50-ஐத் தொட்டு விலகிவிட்டால் மற்றவர்கள் முடிக்கும் வரையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சிறுவர்களுக்கு இது கொடுமை. ஒரே ஓர் ஆறுதல் உண்டு. கடைசி வரை ஒருவர் தாக்குப் பிடித்துப் பயணத்தை முடித்துவிட்டாலும், விலகியவர்கள் உட்பட எல்லோருக்கும் ஜயம்தான். முன்னால் விழுந்தவர் வாங்கிக்கொண்ட அடியால்தானே பின்னால் வந்தவர் பிழைத்தார்!

நான்காவது, பணமும் நேரமும். சீட்டுப் பொட்டலத்தில் சூது இல்லை என்று சொன்னேன். செலவு இல்லை என்று சொல்லவில்லை! 2011-ல் வந்த பெட்டி இருவருக்குத்தான் போதும். மூவரோ நால்வரோ ஆட இன்னொரு பெட்டி வேண்டும். முறைப்படி கட்டுச் சேர்ப்பவர் ஒரே சீட்டில் மூன்று பிரதி வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் சில நல்ல சீட்டுகள் ஒன்றிரண்டு பிரதிதான் இருந்தன. அதற்காகவே மறுபடி வாங்கியவர்கள் உண்டு. பிறகு 60 சீட்டுகள் கொண்ட சிறு பொட்டலங்கள், பெரிய பெட்டிகள் என்று வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. 2022-ல் திருத்திய பெட்டி ஒன்று வந்தது. அதில் நால்வர் வரை ஆடலாம். ஒரு பயணத்தின் பலாபலன் அடுத்த பயணத்துக்குத் தொடரும்படியும் அமைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது. அந்த ஒரு பெட்டியோடு நிறுத்திக்கொள்வது அதைவிட நல்லது.

இன்னொன்று, இது படித்து ஆட வேண்டிய ஆட்டம். சீட்டுகளில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் வாசகம். ஒரு சுற்றுக்கு ஏழு கட்டங்கள். பாட்டியும் பேரனும் உடனே உட்கார்ந்து ஆட இது தாயக்கட்டை அல்ல. முதல் நாள் இரண்டு மணி நேரம் விதிகளோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும்.

வாங்கலாமா, வேண்டாமா?

எழுதப் படிக்கத் தெரிந்த பெரிய குழந்தைகள் உள்ள வீடா? கணவனும் மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எதிரும் புதிருமாக உட்காரக் கூடிய வீடா? தாராளமாக வாங்கலாம். மிகச் சிறு குழந்தைகள் உள்ள வீடானால் சில வருஷம் காத்திருக்கலாம். நாலைந்து பேர் கூடிச் சிரிக்க ஓர் ஆட்டம் வேண்டுமென்றால் இது வேண்டாம். இது சிரிக்கிற ஆட்டத்தை விட யோசிக்கிற ஆட்டம்.

வாங்கினால் முதல் பயணத்தையே நாலைந்து தடவை ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் வீரர்களை மாற்றிப் பாருங்கள். தோற்றால் சீட்டுகளைப் பரப்பி வைத்து எந்தச் சுற்றில் நிலைமை கைமீறியது என்று பேசுங்கள். குற்றவாளியைத் தேட வேண்டாம்.

ஒரே கட்சியில் இருப்பது சுலபம். ஒரே கட்சியில் இருந்துகொண்டே அடுத்தவரின் சீட்டை அவர் கையிலேயே விட்டுவைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான பாடத்தைக் கற்றுக்கொள்ள ஒரு சீட்டுக் கட்டு உதவுமானால், முகம் சுளிக்கும் பெரியவர்களும் கொஞ்சம் மனம் இரங்கலாம்!